கப்பலில் யாருக்கு இடம்?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



யுத்தச் செய்தியை உடனே நம்பிவிடாதே என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது எந்தப் புத்தகமும் அல்ல. பர்மாவிலிருந்து நடந்து வந்த கிழவிகள். 1960களில் நாங்கள் சிறுவர்களாக வளர்ந்த மில் தெருவில் அப்படி ஐந்தாறு பேர் இருந்தார்கள். சாயங்காலம் டீக்கடை ரேடியோ செய்தி சொல்லும். கிழவிகள் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பார்கள். "ஜெயம்", "முன்னேற்றம்" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஒருத்தி கேட்பாள்: "கப்பல்ல யாருக்குடா இடம்?"

நாங்கள் சிரிப்போம். கதை பிறகுதான் புரிந்தது.

சிங்கப்பூர் அசைக்க முடியாத கோட்டை என்று வெள்ளைக்கார சர்க்கார் பல வருஷங்களாகத் தம்பட்டம் அடித்து வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் இறங்கிற்று. 23-ந் தேதி ரங்கூன் மீது குண்டு விழுந்தது. ஜனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து விமானங்களை வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டார்கள்.

துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், தெருக் கூட்டியவர்கள், அரிசி ஆலைகளில் உழைத்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் நாட்டுக் கூலிகள். தமிழர், தெலுங்கர், ஒரியர். உயிருக்குப் பயந்து அவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். சர்க்கார் என்ன செய்தது? கூலிக்காரன் போய்விட்டால் கப்பலில் சரக்கு இறக்க ஆள் ஏது? பயமில்லை, வேலைக்குத் திரும்புங்கள் என்று வழியில் மறித்துத் திருப்பி அனுப்பியது. நம்பித் திரும்பியவர்கள் பலர். 1942 பிப்ரவரி 15-ல் அசைக்க முடியாத சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8-ல் ரங்கூனும் விழுந்தது.

துரைமார் குடும்பங்களும் பணம் படைத்தவர்களும் அதற்குள் கப்பலேறிவிட்டார்கள். கூலிக்காரனுக்கு மிஞ்சியது காடும் மலையும். அந்தக் காட்டிலும் வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை! லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே எல்லை தாண்டினார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாக வழியில் மடிந்தார்கள். எங்கள் தெருக் கிழவி ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு புறப்பட்டு ஒன்றோடு வந்து சேர்ந்தாள். மற்றதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எதிர்ப்பக்கம் மட்டும் யோக்கியமா? ஆசியா ஆசியருக்கே என்று ஜப்பான் முழங்கிற்று. முழங்கிக்கொண்டே மலாயா ரப்பர்த் தோட்டத் தமிழர்களை சயாம்–பர்மா ரயில் பாதை போட இழுத்துச் சென்றது. 415 கிலோமீட்டர் பாதை. அதில் செத்த ஆசியத் தொழிலாளருக்குச் சரியான கணக்குக்கூடக் கிடையாது.

எல்லாச் செய்தியும் பொய் என்று அந்தக் கிழவிகள் சொன்னதில்லை. சொல்கிறவன் எங்கே நிற்கிறான், நம்மை எங்கே நிற்கச் சொல்கிறான் என்று பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

1964 ஆகஸ்டு 4 இரவில் வியட்நாம் படகுகள் தங்கள் யுத்தக் கப்பல்களைத் தாக்கியதாக அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் அறிவித்தார். வியட்நாம் மீது குண்டு விழுந்தது. பத்திரிகையை நாங்கள் உரக்கப் படித்தபோது கிழவி கேட்டாள்: "அந்தக் கப்பல் யாரு வீட்டு வாசல்ல நின்னுச்சு?" அன்று இரவு அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை என்பதை அமெரிக்க உளவு இலாகாவின் சொந்த ஆவணங்களே 2005-ல் காட்டிக்கொடுத்தன. நாற்பத்தோரு வருஷம்!

மறு வருஷம் நம் நாட்டுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம். நாங்களும் கொடி பிடித்துக் கோஷம் போட்டோம். அதை மறைக்கப் போவதில்லை. எல்லைக்குப் போன சிப்பாய்களில் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த ரேடியோ ஜெயம் நமக்கு என்றது. அந்த ரேடியோ தங்களுக்கு என்றது. நாட்டில் அரிசி இல்லை. வாரத்தில் ஒரு வேளை உணவை விடும்படி பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார்.

டீக்கடையில் கேட்டதும் ஓடிவந்து சொன்னோம். கிழவி வெற்றிலை இடிப்பதை நிறுத்தினாள்.

"வாரத்துல ஒரு வேளையா? அப்ப மிச்ச வேளைக்கெல்லாம் யாரு சோறு போடுறாகளாம்?"