முதலில் 15, கடைசியில் 9

(கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



ஆய்வகத்தில் பைத்தான் கொண்டு ஒரு சிறிய வலை சர்வரை இயக்கிக் காட்டுகிறோம். இயல்பாக அது 8000 என்ற போர்ட்டில் காத்திருக்கும். அதைப் பின்னணியில் ஓடவிட்டு மறந்துவிட்டால், அடுத்த வகுப்பில் தொடங்கும்போது ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பிழைச்செய்தி வரும். உடனே கணினியின் சுவிட்சை அணைக்க வேண்டியதில்லை.

சர்வர் கண்முன் டெர்மினலில் ஓடினால் கன்ட்ரோல், சி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். பின்னணியில் ஓடினால் அதன் செயல்முறை எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். லினக்ஸில் ‘பி.எஸ்.’ கட்டளை ஓடுகின்ற செயல்முறைகளைப் பட்டியலிடும், ‘எல்.எஸ்.ஓ.எஃப்.’ கட்டளை 8000 போர்ட்டைப் பிடித்திருப்பது எது என்று காட்டும். எண்ணோடு நிரலின் பெயரையும் சரிபாருங்கள். ஓர் இலக்கம் தவறினால் வேறொரு நிரல் நின்றுவிடும்.

அடுத்து ‘கில்’ கட்டளையும் அந்த எண்ணும். பெயர் கொலை என்றாலும் அது செய்வது சைகை அனுப்புவதே. நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 15ஆம் சைகை போகும். ‘வேலையை முடித்துக்கொள்’ என்னும் வேண்டுகோள் அது. நன்கு எழுதப்பட்ட சர்வர் கையில் உள்ளதை முடித்து, கோப்புகளை மூடி விலகும். 9ஆம் சைகையோ நிரலின் காதுக்கே எட்டாது. இயக்க அமைப்பின் கருவான கர்னல் அதை நேரடியாக நிறுத்திவிடும். முன்னது தேர்வு முடியும் மணி. பின்னது எழுதும்போதே விடைத்தாளைப் பிடுங்குவது.

நாற்பது மாணவர்களின் மதிப்பெண்களை ஒரு நிரல் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்தாம் பெயரில் 9 விழுந்தால் மீதிப் பதினைந்து பேரின் உழைப்பு கோப்பில் இராது. மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில் இத்தகைய திடீர் நிறுத்தத்திலிருந்து மீள ஏற்பாடு உண்டு. நம் மாணவர்கள் எழுதும் எளிய நிரல்களில் அது இருப்பதில்லை.

அப்பாச்சி போன்று கணினியோடு தானாகத் தொடங்கும் சர்வர்களுக்கு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’ கட்டளையே முறை. அதுவும் இயல்பாக முதலில் 15ஐ அனுப்பி, குறித்த நேரம் காத்திருந்து, நிற்காவிட்டால்தான் 9ஐ அனுப்புகிறது.

ஆகவே மாணவர்க்குக் கற்பிக்கும்போது இந்த வரிசையையே பழக்குங்கள்: எண்ணைச் சரிபார், 15ஐ அனுப்பு, சில விநாடி பொறு, மீண்டும் பட்டியலைப் பார். அப்போதும் நிற்காவிட்டால் மட்டுமே 9. இணையத்தில் கிடைக்கும் குறுக்குவழி பலவும் 9இலிருந்தே தொடங்கும். பொறுமையைக் கற்றுத்தர வேண்டியவர்கள் நாம்தான்.