பழங்கடனும் முறிந்த தவணையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவையிற் பேசுதற்கு இனியதன்று. உறவினர்க்கும் நண்பர்க்கும் கைமாற்றாகக் கொடுத்த பணம் உரிய காலத்தில் திரும்பாமல், பெரியோர் முன்னிலையில் தவணை பேசி முடிக்கப்பெற்று, அத்தவணையும் இடையிலே முறிந்து நிற்குங்கால், இரு திறத்தாரும் செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் இவ்விடங்களில் நம்மவர் வாழும் தெருக்களுள் இவ்வழக்கு ஒன்றேனும் இல்லாத தெரு அரிது. பணம் போயிற்றென்பதைக் காட்டிலும், அண்ணன் வீட்டுக் கலியாணத்துக்குத் தம்பி வாராமையும், இழவுக்கும் தலைகாட்டாமையுமே நம் சங்கத்துக்குப் பெருங்கவலை தருவன.

கடன் என்னுஞ் சொல் நம் மொழியில் வாங்கிய பொருளையும் குறிக்கும்; ஒருவன் செய்தே தீரவேண்டிய முறைமையையும் குறிக்கும். நேர்த்திக்கடன், பிதிர்க்கடன் என்று வழங்குதலை நோக்குக. இவ்விரு பொருளும் ஒரு சொல்லுள் அடங்கியிருத்தலின், நம்மவர் நீதிமன்றத்தால் வசூலிக்கத்தக்கது எது, மனத்தால் தீர்க்கத்தக்கது எது என்று பிரித்துணராமல் மயங்குகின்றனர். அம்மயக்கத்தைச் சிறிது நீக்குவதே என் கருத்து.

உடன்படிக்கை முறிந்த கதைக்கு நாம் வேறூர் செல்லவேண்டுவதில்லை. நம் திருவொற்றியூரே அதற்கு இடம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபொழுது, பிரியேன் என்று சூளுறவு செய்யவேண்டி நேர்ந்ததைப் பெரிய புராணம் விரித்துரைக்கும். அவர் செய்த சூழ்ச்சி யாது? தாம் சந்நிதியில் சூளுறும்போது இறைவன் அங்கிராமல் மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டுமென வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியார் கனவில் தோன்றி, மகிழின்கீழேயே சூளுறச் சொல்க என்றருளினார். பின்னர் வசந்த விழா வந்தது. திருவாரூர் நினைவு எழுந்தது. ஊரெல்லை கடந்தவுடன் இரு கண்ணும் ஒளியிழந்தன. உடன்படும்பொழுதே விலகும் வழியையும் உள்ளத்தில் வைத்துக்கொண்டு செய்யும் உடன்படிக்கை நிலைபெறாது என்பது ஈண்டு விளங்கும். இழந்தது மீண்டதும் ஒரே நாளில் அன்று. வெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மற்றொரு கண் எனத் தவணை முறையிலேதான் மீண்டது! ஆனால் நம்மனோர் இக்கதை கேட்குங்கால் சுந்தரர் துன்பத்துக்கே உருகுகின்றனர். வாக்கை நம்பி ஒற்றியூரில் இருந்த சங்கிலியார் நிலை என்னாயிற்றென்று வினவுவார் அரியர். கடன் வழக்கிலும் அவ்வாறே. வாங்கியவன் வறுமையை ஊரே பேசும். கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கைம்பெண்ணின் வறுமையைப் பேசுவார் இல்லை.

நிற்க. தவணை முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் வஞ்சகம் அன்று, கணக்குப் பிழையே. பெரியோர் பலர் சூழ்ந்திருக்கும் அவையில் கடன்பட்டவன் மானத்துக்கு அஞ்சி மாதம் 5,000 ரூபாய் என்று சொல்லிவிடுகின்றான். கையில் 2,000 மிஞ்சுவதும் அரிது என்பது அவன் மனைவிக்குத் தெரியும். அவரை அவைக்கு அழைப்பதில்லை. நம் பகுதியின் வருவாயோ மாதந்தோறும் ஒரே அளவாக வருவதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. அக்காலத்தில் காசிமேட்டில் படகுக்காரர் மட்டுமன்றி, பனிக்கட்டி உடைப்பவரும், கூடை சுமப்பவரும், மீன் விற்கும் தாய்மாரும் வருவாய் குன்றுகின்றனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்து, வலையும் படகும் கெட்டுத் தொழிலே நின்றது. இவற்றையெல்லாம் கணக்கிற் கொள்ளாமல் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை எழுதும் சீட்டு முறியாமல் என் செய்யும்? தடைக்காலத்துத் தவணையைக் குறைத்து, ஐப்பசி கார்த்திகையில் சற்றுக் கூட்டி எழுதுவதே அறிவுடைமை.

இனி, முறிந்தபின் நிகழ்வதைப் பார்ப்போம். கொடுத்தவர் கோபத்தால் பேச்சை நிறுத்துகின்றார். வாங்கியவர் வெட்கத்தால் வேறு தெருவழியே போகின்றார். பெரியோரோ, பார்ப்போம், பொறுங்கள் என்கின்றனர். இந்தப் பொறுங்கள் என்னும் ஒரு சொல்லால் எத்தனை குடும்பம் பணத்தை இழந்ததென்பதை யான் அறிவேன். ஏனெனில் 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கைக்கடனுக்கும் கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கும் வழக்கிடுங் காலம் மூன்றாண்டே. கேட்டவுடன் தருகிறேன் என்றெழுதியிருப்பதால் கேட்ட நாள் முதல் எண்ணலாம் என்று பலர் நம்பியிருக்கின்றனர். அஃது அவ்வாறன்று, நோட்டு எழுதிய நாள் முதலே எண்ணப்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 2022 ஜூன் 10 ஆம் நாள் ஒருவர் தம் மைத்துனருக்கு 1,50,000 ரூபாய் புரோநோட்டின்மேல் கொடுத்தார் என்று கொள்வோம். 2025 ஜூனோடு காலம் முடியும். ஆனால் 2024 மே மாதத்தில் மைத்துனர் 5,000 ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்புறம் தாமே வரவெழுதிக் கையொப்பமிட்டிருந்தால், அந்நாள் முதல் புதிதாக மூன்றாண்டு கிடைக்கும். கொடுத்தவர் தம் குறிப்பேட்டில் தாமே எழுதிக்கொண்ட வரவு இதற்குப் பயன்படாது. கொடுக்கும் கடனாளியின் எழுத்தோ கையொப்பமோ வேண்டும். பணம் கொடாவிடினும், இன்ன தொகை தரவேண்டியிருக்கிறது என்று காலத்துக்குள் ஒரு கடிதம் எழுதிக் கையொப்பமிட்டாலும் அதுவே போதும். இவையெல்லாம் மூன்றாண்டு முடியுமுன் நிகழவேண்டும். 2025 ஜூலையில் எழுதிய வரவு கழிந்த காலத்தை மீட்டுத் தாராது.

தவணைச் சீட்டு எழுதுவோர் மற்றொன்றும் அறிக. தவணைகளாகச் செலுத்துவதாக எழுதிய நோட்டில் ஒவ்வொரு தவணைக்கும் அதனதன் நாள் முதல் மூன்றாண்டு தனித்தனியே ஓடும். ஒரு தவணை தவறினால் முழுத்தொகையும் உடனே தரவேண்டும் என்னும் வாசகம் இருந்தாலோ, தவறிய நாள் முதலே முழுத்தொகைக்கும் காலம் ஓடத்தொடங்கும். கொடுத்தவர் அவ்வுரிமையை விட்டுக்கொடுத்தாலன்றி நிற்காது. கடுமையாக எழுதினால் பாதுகாப்பு மிகும் என்று எண்ணி அவ்வாசகத்தைச் சேர்த்துவிட்டு நான்காண்டு பொறுத்திருந்தவர், தம் கடுமையாலேயே தாம் இழந்தவராவர்.

காலம் கடந்தே விட்டது. அப்போது கடன் அழிந்ததா? அன்று. நீதிமன்றக் கதவு மூடப்படுகிறதேயன்றிக் கடன் அழிவதில்லை என்பதே நம் நாட்டுச் சட்டத்தின் கொள்கை. அதனாலேதான் 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், காலங்கடந்த கடனையும் தருவேன் என்று கடனாளி எழுத்தால் உறுதிகூறிக் கையொப்பமிட்டால் அவ்வுறுதி செல்லும் என்கிறது. ஈண்டுத்தான் கடன் என்னுஞ் சொல்லின் இரண்டாம் பொருள் உயிர்பெறுகிறது. ஆயினும் ஒன்று சொல்வேன்: வேறெதற்கோ என்று கூறிக் கடனாளியை மயக்கி இக்கையொப்பத்தை வாங்குதல் திருட்டோடொக்கும். அவன் அறிந்து எழுதினாலே அது உறுதி.

கடன்பட்டோர்க்கும் அறியவேண்டுவன உள. தீர்ப்பே வந்தாலும், கைத்தொழில் செய்வோனுடைய கருவிகளையும், வருங்கால வைப்பு நிதியையும், சம்பளத்தின் பெரும்பகுதியையும் பறிக்கலாகாதென உரிமையியல் நடைமுறைச் சட்டம் காக்கிறது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறையிலிடல் ஆகாது. வறுமையால் கொடுக்க இயலாதவனை அவ்வறுமை காரணமாகவே சிறையிடுதல் முறையன்றென்று 1980 இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். தந்தை பட்ட கடனை மகன் தீர்த்தல் அறக்கடமை என்னும் பழைய இந்துச் சட்டக் கொள்கையை வைத்து மகன்மேல் வழக்காடுதலும், 2005 ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப்பின் பட்ட கடனுக்குச் செல்லாது. தந்தை விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே பொறுப்பு. இதனை எடுத்துக்காட்டித் தந்தைபேரைக் கெடுத்துக்கொள்வதா வேண்டாவா என்பது அவரவர் உள்ளத்தின்பாற்பட்டது.

ஆனால் காசோலை எழுதிக் கொடுத்தோர் விழிப்பாயிருக்க. தவணைக்கென்று கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால், அத்தகவல் கிடைத்த 30 நாளுள் கொடுத்தவர் அறிவிப்பு அனுப்பலாம். 15 நாளுள் பணம் தராவிடில், அதன்பின் ஒரு மாதத்துள் குற்றவியல் முறையீடே செய்யலாம்.

எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. உறவினர் தவணையைத் தீர்க்கத் தண்டல்காரரிடம் கைநீட்டுதல். 8,500 ரூபாயைக் கையிற் கொடுத்து, நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். 1,500 தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துவருதலின், ஆண்டுக் கணக்கில் நோக்கினால் அவ்வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடுக்க 2003 இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. மூன்றாண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு. அச்சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாயிலில் ஒரு கூலித்தொழிலாளி குடும்பம், இரு பச்சிளங் குழந்தைகளோடு, கந்துவட்டிக் கொடுமையால் தீயில் மாண்டதைக் கண்டோம். உறவினர் கடன் ஓராண்டு தள்ளிப்போகலாம். தண்டல் ஒருநாளும் தள்ளாது. ஆதலின் கொடுத்த உறவினரும், எங்கேயாவது வாங்கிக் கொடு என்று நெருக்குதலைத் தவிர்த்தல் வேண்டும்.

முறிந்த தவணையை மீண்டும் பேசும்பொழுது வட்டியை எவ்வளவு விடுவது என்பதே பெருஞ்சண்டை. இராசாசி முதலமைச்சராயிருந்த காலத்தில், 1938 இல் வந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப்போல் இருமடங்கு செலுத்திவிட்ட விவசாயியின் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்று விதித்தது. அச்சட்டம் நம் கைமாற்றுக்குப் பொருந்தாதாயினும், நம் பெரியோர் நடுவிருக்கும்போது அவ்வளவை மேலெல்லையாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. உடன்பாடு கண்டபின் அதனை வெள்ளைத்தாளில் எழுதிச் சங்கப் பெட்டியில் வைப்பதோடு நில்லாமல், மக்கள் நீதிமன்றத்திற் பதிவுசெய்க. வழக்குத் தொடுக்குமுன்னரே அங்குச் செல்லலாம், கட்டணமில்லை. ஆங்கு எழுதப்பெறும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பின் வலிமை உடையது, மேல்முறையீடு இல்லை, மீண்டும் தவணை முறிந்தால் புதிய வழக்கின்றி நிறைவேற்றப் பன்னிரண்டாண்டு காலமுண்டு.

புதன்கிழமைதோறும் மாலையில் பள்ளி முடிந்தபின் யான் சங்க நூலகத்தில் இருப்பேன். நோட்டையும் வரவுக் குறிப்பையும் கொண்டுவருவோர்க்கு நாட்கணக்கைப் பார்த்துச் சொல்வேன். மனு எழுதவும் உதவுவேன். வழக்காடும் வேலை வழக்குரைஞருடையது. அதில் யான் தலையிடுவதற்கில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருங்கே வருவாராயின் இரண்டு நாற்காலி போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.