மழைக்கணக்கில் விடுபட்ட கூலி
(கல்லாவியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேரிடர் நிவாரணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு நம் வட்டமே போதுமான பாடம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப் போனதைக் கைப்பேசியில் பார்த்தோம். மழைக்குச் சாதி தெரியாது என்றார்கள். இருக்கட்டும். காலனிக்குப் பள்ளத்தில் இடம் ஒதுக்கிய ஊருக்குத் தெரியுமல்லவா?

அரசு நிவாரணம் அறிவித்தது. பாதித்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. இறந்த மாட்டுக்கு 37,500. விவசாயிக்கு இது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் இவை எல்லாமே உடைமைக்கான கணக்கு. அந்த நெல்லை அறுக்கக் காத்திருந்த பெண்ணின் கூலி எந்தப் பதிவேட்டில் ஏறியது? வாழ்வாதாரம் இழந்த குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்ற அறிவிப்பும் முதலில் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிக்குத்தான் வந்தது.

இது புதிதல்ல. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்துக் கடற்கரையில் படகும் வலையும் இழப்பாக எண்ணப்பட்டன. உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போன தலித் மக்களின் இழப்பு பின்னுக்குப் போனது. முகாம்களில் அவர்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

நிவாரணத்தில் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரிவு 61. நல்ல சட்டம். ஆனால் நிலமற்றவரை யாரும் விரட்ட வேண்டியதே இல்லை. பட்டா எண் கேட்கும் படிவத்தில் அவருக்கு இடமில்லை, அவ்வளவுதான். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. நிவாரணம் அந்த முடிவின் வழியே நடக்கிறது.

எனவே அடுத்த மழைக்கு முன்பே நாம் கணக்கெடுக்க வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவர் யார், அன்றாடக் கூலியில் பிழைப்பவர் யார், பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் வீட்டில் தனித்திருக்கும் முதியவர் யார்? காலனி காலனியாக எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் அக்டோபர் 2 கிராம சபை கூடுகிறது. அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்குங்கள். ஒரு நகலைத் தாசில்தாரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இழந்த வேலைநாளும் இழப்பே என்று அதன் முதல் வரியில் எழுதுங்கள்.