நாற்பது போட்டோ, ஐம்பது கே.பி.: படங்களை மொத்தமாகச் சுருக்கும்போது வரும் சிக்கல்கள்

(அடி அண்ணாமலையில் மாணவர்கள், சுய உதவிக் குழுவினர், இ-சேவை மையம் நடத்துவோர் ஆகியோரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆன்லைனில் விண்ணப்பம் போட்ட யாரும் இந்த வரியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீங்க: "கோப்பின் அளவு அனுமதிக்கப்பட்டதைவிட அதிகம்." கல்வித் தகுதி இருக்கு, சான்றிதழ் இருக்கு, கட்டணமும் கையில் இருக்கு. ஆனால் போட்டோ ஏற மாட்டேங்குது. கடைசித் தேதி அன்றைக்கு இது நடந்தால் ஒரு வருஷ உழைப்பே வீணாகிவிடும். அதுவும் பௌர்ணமியாக இருந்தால், கிரிவலக் கூட்டத்துக்கு நடுவில் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வருவது எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் ஒரு கணக்கு. டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்தில் புகைப்படம் 20 முதல் 50 கே.பி. வரை இருக்கணும். கையொப்பம் 10 முதல் 20 கே.பி. வரை. உங்க போன் எடுக்கிற படம் சாதாரணமாக 4000-க்கு 3000 பிக்சல், அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அது மூன்று, நான்கு எம்.பி. வரை போகும். 3.5 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம் உள்ள படத்துக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்று வைத்தால் 276-க்கு 354 பிக்சல் போதும். மொத்தம் ஒரு லட்சம் புள்ளிகூட இல்லை. இந்த அளவுக்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 85 பக்கம் வைத்தால் பெரும்பாலும் வரம்புக்குள் வந்துவிடும். டி.பி.ஐ. என்ற எண்ணை மட்டும் மாற்றினால் கே.பி. குறையாது. அது அச்சடிக்கும்போது பயன்படுகிற குறிப்பு, அவ்வளவுதான்.

ஒரு படம் என்றால் போன் கேலரியிலேயே முடிச்சிடலாம். ஒரு வகுப்பு மாணவர்கள் நாற்பது பேருக்கு, இல்லை ஒரு குழு முழுவதற்கும் என்றால் கம்ப்யூட்டரில் மொத்தமாகச் செய்வதுதான் சுலபம். 1996-ல் இர்ஃபான் ஸ்கில்ஜான் வெளியிட்ட இர்ஃபான்வியூ இதற்குப் பலரும் பயன்படுத்துகிற மென்பொருள். அதைத் திறந்து 'பி' எழுத்தை அழுத்தினால் மொத்தமாக மாற்றும் பெட்டி வரும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். கட்டணம் வாங்கிச் சேவை செய்யும் மையங்கள் உரிமம் வாங்கணும். வேண்டாம் என்றால் மைக்ரோசாஃப்ட் பவர்டாய்ஸில் உள்ள இமேஜ் ரீசைஸர் இலவசம். படங்களைத் தேர்வு செய்து ரைட் கிளிக் பண்ணினால் போதும்.

இனி, வழக்கமாக வரும் சிக்கல்கள்.

ஒன்று: எல்லாம் ஓடி முடிந்தது, ஆனால் அளவு மாறவே இல்லை. இர்ஃபான்வியூவில் 'அட்வான்ஸ்டு' பட்டனுக்குள் போய் அளவைக் கொடுத்திருப்பீங்க. அதற்குப் பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் டிக் போடாமல் விட்டிருப்பீங்க. டிக் இல்லை என்றால் நீங்க கொடுத்த அளவு எதுவும் செல்லாது.

இரண்டு: முகம் இழுத்த மாதிரி இருக்கு. அகலம், உயரம் இரண்டையும் கட்டாயப்படுத்தியதால் வந்தது இது. முதலில் 7-க்கு 9 விகிதத்தில் படத்தை வெட்டுங்க. பிறகு சுருக்குங்க.

மூன்று: படம் படுத்துக் கிடக்கிறது. போன் பல நேரம் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, 'இதைத் திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து வைக்கும். அந்தக் குறிப்பைச் சில தளங்கள் படிக்காது. அதனால் சுருக்குவதற்கு முன்பே படத்தை நிமிர்த்திச் சேமிச்சிடுங்க.

நான்கு: அளவு சரி, ஆனாலும் தளம் ஏற்கவில்லை. கோப்பு எந்த வகைன்னு பாருங்க. ஐபோன் 2017-க்குப் பிறகு ஹெய்க் வகையில் படம் எடுக்கிறது. பெயரின் கடைசியில் ஜேபெக் என்று மாற்றி எழுதினால் வகை மாறாது. மென்பொருளில் திறந்து ஜேபெக்காகச் சேமிக்கணும். ஐபோனில் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்வு செய்தால் இனிமேல் எடுக்கிற படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் பெயரில் இடைவெளி, குறியீடு இல்லாமல் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்தால் நல்லது.

ஐந்து: அளவு ரொம்பக் குறைஞ்சிட்டது. 14 கே.பி. வந்தாலும் தளம் தள்ளிவிடும், ஏனென்றால் கீழ் வரம்பு 20. பழைய சின்னப் படத்தைப் பெரிதாக்காதீங்க, முகம் மங்கும். மூலப்படத்திலிருந்து தரத்தை 90, 95 என்று ஏற்றி மறுபடி செய்யுங்க. இதே காரணத்துக்காகப் போட்டோவையும் கையொப்பத்தையும் ஒரே தொகுதியில் போடாதீங்க. இரண்டுக்கும் வரம்பு வேறு.

ஆறு: இதுதான் பெரிய நஷ்டம். வெளியீட்டு ஃபோல்டராக மூலப்படம் இருக்கும் ஃபோல்டரையே கொடுத்து, 'மேலெழுது' என்பதிலும் டிக் போட்டால் நாற்பது மூலப்படங்களும் சின்னதாகிவிடும். திரும்பக் கிடைக்காது. ஆகவே 'மூலம்', 'சுருக்கியது' என்று இரண்டு ஃபோல்டர். முதலில் இரண்டு படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்க, சரியாக இருந்தால் மீதியை ஓட்டுங்க.

படத்தை மையத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பறவங்க போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்க. போட்டோவாக அனுப்பினால் வழியிலேயே தரம் குறைஞ்சிடும்.

கடைசியாக ஒரு விஷயம். 'இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்' என்று தேடலில் வரும் தெரியாத தளங்களில் ஆதார், கையொப்பம், சாதிச் சான்றிதழ் எதையும் ஏற்றாதீங்க. அந்தக் கோப்பு யார் கைக்குப் போகிறதுன்னு நமக்குத் தெரியாது. கையொப்பமும் முகமும் ஒன்றாக வெளியே போனால் அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்ய முடியும். மேலே சொன்ன மென்பொருள்கள் நெட் இல்லாமலே வேலை செய்யும், படம் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. மையம் நடத்துறவங்களும் வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் படங்களை அழிங்க. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வரம்பு மாறும். அதனால் அறிவிக்கை வந்த அன்றைக்கே அளவு விவரத்தைப் படித்து, போட்டோவையும் கையொப்பத்தையும் தயார் பண்ணி போனில் ஒரு தனி ஃபோல்டரில் வைங்க. கேலரியில் 'விவரங்கள்' என்பதைத் தொட்டால் கே.பி. எவ்வளவுன்னு தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஏற்றுங்க.