குவாண்டமும் கழுத்துப் பதக்கமும்

(நெய்வேலி நகரியத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



குவாண்டம் என்கிற வார்த்தை இப்போது ஊர் ஊராக விற்பனைக்கு வந்துவிட்டது. கழுத்திலே மாட்டிக்கொள்ள ஒரு பதக்கம். கேட்டால் குவாண்டம் சக்தியாம், செல்போன் கோபுரத்து அலை அண்டாதாம்! தாயத்து வியாபாரத்திற்கு இது புது முதல். ஆகவே ரேடியோ அலைக்கும் குவாண்டத்திற்கும் மெய்யாகவே உள்ள சம்பந்தம் இன்னதென்று நாம் தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

அலை கண்ணுக்குத் தெரியாததுதான். அதனாலேயே அது தெய்வீகமாகிவிடுமா? இந்த நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலே தண்ணீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அழுத்தத்தை அளந்து, இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துத்தானே சுரங்கம் நடக்கிறது? வருணனுக்குப் படையல் போட்டு யாரும் அதைத் தணிக்கவில்லை. ரேடியோ அலையும் அப்படி அளக்கத்தக்க விஷயமே.

இதுவரை அலையைப் பிடிக்க உலோக ஏரியல்தான் சாதனம். வானத்து மெலிந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன என்று குறித்தறிய 1970-ல் உதகையில் அமைத்த தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ளது.

குவாண்டம் உணர்கருவியிலோ அலையை உணருவது உலோகமல்ல, ஆவி. ஒரு சிறு கண்ணாடிக் குமிழுக்குள் ரூபிடியம் அல்லது சீசியம் என்னும் உலோகத்தின் ஆவியை அடைத்து, இரண்டு லேசர் ஒளிகளைச் செலுத்துகிறார்கள். அணுவின் வெளிப்புற எலெக்ட்ரான் கருவைவிட்டு வெகுதூரம் தள்ளிப்போக, அணு நூற்றுக்கணக்கான மடங்கு பருத்துவிடுகிறது. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி பெயரால் இதை ரிட்பெர்க் அணு என்பார்கள். தொட்டாற்சுருங்கியைப்போல, மெல்லிய மின்புலம் பட்டாலும் இது மாறும். முதல் லேசரைத் தனியே விட்டால் ஆவி விழுங்கிவிடும். இரண்டாவதும் சேர்ந்தால் வழிவிடும். லேசரின் அதிர்வெண்ணைச் சற்றுச் சற்றாக மாற்றிப் பார்த்தால், ஒளி அதிகமாகக் கடந்துவரும் உச்சம் ஒன்று தெரியும். தக்க ரேடியோ அலை வந்து பட்டால் அந்த உச்சம் இரண்டாகப் பிளக்கும். பிளவின் இடைவெளியே அலையின் பலத்திற்கு அளவு.

ஒரு சீசிய அணுவுக்கும் இன்னொன்றுக்கும், நெய்வேலியானாலும் நியூயார்க்கானாலும், இம்மியும் பேதமில்லை. (பிறப்பிலே உயர்ந்த அணு, தாழ்ந்த அணு என்று எழுதிவைக்க அங்கே ஒரு மனு தோன்றவில்லை!) அதனால்தான் அதை நம்பி அளக்க முடிகிறது.

இனி, திசை. கடலூர்க் கரையிலே அலை சாய்வாக வந்தால் ஒரு முனையை முன்னும் மறுமுனையைப் பின்னும் தொடுமல்லவா? 2021-ல் அமெரிக்கத் தேசிய அளவை நிலையத்தார் சீசியக் குமிழ் ஒன்றினுள் இரண்டு இடங்களில் 19.18 கிகாஹெர்ட்ஸ் அலையை அளந்து, அந்த முன்பின் வித்தியாசத்திலிருந்து அது வரும் கோணத்தைக் கணக்கிடலாமென்று காட்டினார்கள். இரண்டு ஊர்களிலிருந்து இப்படித் திசை பார்த்துக் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டுமிடமே அலை கிளம்பிய இடம். கடலில் தத்தளிக்கும் மீனவனைத் தேடவும் இது உதவும். சர்க்காருக்குப் பிடிக்காதவனை வேட்டையாடவும் உதவும். பின்னதைப்பற்றிச் சட்டசபைகளில் இப்போதே கேட்டுவைப்பது நல்லதென்பது நமது அபிப்பிராயம்.

கருவி இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சிச்சாலைப் பண்டமே. குமிழ் சிறிதானாலும் லேசர்களும் அவற்றை நிலைநிறுத்தும் சாதனங்களும் சிறியவையல்ல. உதகைத் தொலைநோக்கியின் வேலையை இந்தக் குமிழ் செய்துவிடாது. நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. 2023-ல் ஒன்றிய அரசு தேசிய குவாண்டம் திட்டத்திற்கு ரூ.6003.65 கோடி ஒதுக்கியது. அதில் உணர்கருவிப் பிரிவு பம்பாய் ஐ.ஐ.டி. பொறுப்பில் இருக்கிறது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் ரிட்பெர்க் அணுக்களை ஆராய்கிறார்கள்.

பதக்கத்தின் கதை வேறு. 5ஜி அலையிலிருந்து காப்பாற்றும் என்பன போன்ற பேச்சோடு விற்ற 10 பொருள்களைப்பற்றி 2021 டிசம்பரில் நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தார்கள். சோதித்துப் பார்த்ததில் அவற்றிலிருந்தே கதிரியக்கம் வந்துகொண்டிருந்தது. நெடுநாள் அணிந்தால் உடம்புக்குக் கெடுதல், கழற்றிப் பத்திரமாக மூடி வையுங்கள் என்று ஜனங்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பத்தில் ஒன்று, குழந்தைகள் கையில் போடும் வளையம்.