மண்ணும் மூச்சு விடுகிறது



மண்ணுக்கு உயிர் உண்டா? உண்டு. ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மண்புழு இருக்கிறது. செடியின் வேர் இருக்கிறது. நாம் மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியே வருகிறது. இவையும் அதே வாயுவை விடுகின்றன. இதுதான் மண்ணின் மூச்சு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மூடி வையுங்கள். தெளிந்த நீரை மட்டும் இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றை ஈரமண் மேல் வையுங்கள். மற்றதை ஒரு தட்டில் வையுங்கள். இரண்டையும் ஒரே அளவுப் பாத்திரங்களால் கவிழ்த்து மூடுங்கள். மறுநாள் திறந்தால், மண்மேல் இருந்த நீரில் வெள்ளை ஏடு அதிகமாக இருக்கும். அது கரியமில வாயு செய்த வேலை. கவனம்! சுண்ணாம்பு நீர் கண்ணில் படக் கூடாது.

வயலில் அளப்பவர்களும் மண்ணை மூடித்தான் அளக்கிறார்கள். முதல் நாளே ஒரு வளையத்தை மண்ணில் பதிக்கிறார்கள். ஏன் முதல் நாளே? மண்ணைக் கிளறினால் உள்ளே இருக்கும் வாயு சட்டென்று வெளியேறும். கணக்கு தப்பிவிடும். மறுநாள் வளையத்தின் மேல் அடியில்லாத பெட்டியை வைக்கிறார்கள். பெட்டிக்குள் வாயு எவ்வளவு கூடுகிறது என்று சில நிமிடங்களில் கருவி காட்டும். மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் அளந்தால் போதுமா? போதாது. நம் புனேயில் மே மாதம் மண் காய்ந்து கிடக்கும். மூச்சும் குறைவு. ஜூனில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விழிக்கும். மூச்சு திடீரென்று கூடும். பிறகு தணியும்.

எதற்கு இந்தக் கணக்கு? 1958-ல் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறக்குறைய 315 பங்கு. 2024-ல் 420 பங்குக்கு மேல். நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதே முக்கியக் காரணம். பூமி சூடாகிறது. மண் சூடானால் அதன் மூச்சும் கூடும். மண்ணுக்கு வரவு இலையும் தழையும். செலவு மூச்சு. வரவை விடச் செலவு கூடினால் மண் சத்து இழக்கும்.

புனே மாவட்டத்தில் கரும்பு அதிகம். அறுவடைக்குப் பின் சோகையைக் கொளுத்துவதும் உண்டு. கொளுத்தினால் மண்ணின் வரவு ஒரே நாளில் புகையாகிவிடும். வயலிலேயே மக்க விட்டாலும் வாயு வரும். ஆனால் மெதுவாக வரும். ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும். ஈரமும் காயாது.

மண்ணின் மூச்சு குற்றம் அல்ல. அது உயிரின் அடையாளம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. நீங்கள் சருகைக் கொளுத்துகிறீர்களா, மக்க விடுகிறீர்களா? கூடிப் பேசுங்கள்.