நான்சி வெக்ஸ்லரும் நம் படிவத்தின் ஏழாவது கட்டமும்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



"ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை" என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். பேசப்போவது பி.காம். படித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எனவே விஞ்ஞானத்தில் நான் ஏதாவது தடுமாறினால், நம் சி பிளாக் டாக்டர் அம்மா திருத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

முதலில் என் வங்கியில் நடந்த ஒரு விஷயம். 1998 என்று நினைவு. எங்கள் கிளையில் கேஷ் கவுண்டரில் ஒரு சீனியர் இருந்தார். நூறு ரூபாய்க் கட்டை அவர் எண்ணும் வேகத்துக்கு வேறு யாரும் கிடையாது. திடீரென்று அவர் கணக்கு உதைக்க ஆரம்பித்தது. கட்டு கையிலிருந்து நழுவும். உட்கார்ந்திருக்கும்போதே தோளும் காலும் தானாக அசையும். நடந்தால் தள்ளாடுவார். சட்டென்று எரிந்து விழுவார். வாடிக்கையாளர்கள் பேச ஆரம்பித்தார்கள்: "காலையிலேயே போட்டுட்டு வந்துடறார்." அவரைக் கேஷிலிருந்து மாற்றச் சொல்லி நாங்கள் ஆறு பேர் மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தோம். அதில் என் கையெழுத்தும் இருந்தது. 2001இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது அவர் போய்விட்டார். எல்லோருக்கும் நிம்மதி.

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். அவர் தவறிவிட்டிருந்தார். "அவர் ஒரு நாளும் குடிச்சதில்லைம்மா. அது ஒரு வியாதி, அவர் அப்பாவுக்கும் இருந்திருக்கு" என்று சொல்லி ஒரு பேரைச் சொன்னார். ஹண்டிங்டன். "யார்கிட்டயும் சொல்லிடாதே, பொண்ணுக்கு இன்னும் அமையலை" என்றும் சொன்னார். அதனால்தான் ஊர், கிளை, பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை.

அந்தப் பேரை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தபோதுதான் நான்சி வெக்ஸ்லர் எனக்குத் தெரிய வந்தார்.

1872இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் இந்த நோயைத் தெளிவாக விவரித்து எழுதினார். அதே ஊரில் வைத்தியம் பார்த்த அவருடைய அப்பாவும் தாத்தாவும் கவனித்துவைத்திருந்ததும் அவருக்கு உதவியது. மூளையின் உள்பகுதியில் சில செல்கள் மெல்ல அழிகின்றன. கை கால்கள் நடனம் ஆடுவதுபோல் தாமாக அசைகின்றன. குணம் மாறுகிறது, நினைவும் யோசனையும் குறைகின்றன. பெரும்பாலும் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தொடங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. அசைவுகளைக் குறைக்க மருந்து உண்டு. நோயைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

நான்சி 1945இல் பிறந்தவர். அம்மா லெனோர் உயிரியல் படித்தவர். லெனோரின் அப்பா இந்த நோயில் இறந்தார். மூன்று அண்ணன்மாருக்கும் வந்தது. ஆண்களுக்கு மட்டுமே வரும் என்று லெனோர் நம்பியிருந்தார். வீட்டில் இதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1968இல் ஒரு நாள் காலை, லாஸ் ஏஞ்சல்ஸில் நீதிமன்ற வேலைக்காகச் சாலையைக் கடந்துகொண்டிருந்த லெனோரைப் பார்த்து ஒரு போலீஸ்காரர், இவ்வளவு காலையிலேயே குடித்துவிட்டு வருகிறாயே, வெட்கமாக இல்லையா என்று அதட்டினார். தான் தள்ளாடுவதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்கு எங்கள் கேஷ் கவுண்டரும் அந்த ஆறு கையெழுத்தும்தான் கண்முன் வந்தன.

அப்பா மில்டன், மனநல ஆய்வாளர். இரண்டு பெண்களையும் உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். உங்கள் இருவருக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றார். அக்கா ஆலிஸும் நான்சியும் குழந்தை பெற்றுக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். மில்டன் அந்த ஆண்டே பரம்பரை நோய்களின் ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்.

நான்சி படித்தது மருத்துவ உளவியல். 1974இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். தலைப்பு, இந்த நோய் வரலாம் என்ற பயத்தோடே வாழ்கிறவர்களின் மனநிலை. அதாவது தன்னைப் போன்றவர்களைப் பற்றியே ஆராய்ச்சி. பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஹண்டிங்டன் நோய்க் கமிஷனின் நிர்வாக இயக்குநர். அதன்பின் நரம்பியலுக்கான தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. கடைசியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நரம்பு உளவியல் பேராசிரியர்.

இதற்கு நடுவில் அவர் போன இடம் வெனிசுலா. அங்கே மரக்கைபோ ஏரிக்கரையில் மீனவர் கிராமங்கள். அந்தக் குடும்பங்களில் இந்த நோய் இருப்பதை 1950களில் கண்டு சொன்னவர் அந்த ஊர் டாக்டர் அமெரிக்கோ நெக்ரெட்டே. 1972இல் அமெரிக்காவில் நடந்த மாநாட்டில் அவருடைய மாணவர் ஒரு படம் போட்டுக் காட்டினார். தெருவில் பலர் ஒரே மாதிரி தள்ளாடி நடக்கும் காட்சி. உலகத்தில் வேறெங்கும் இவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் இந்த நோய் இல்லை. 1979இல் நான்சி அங்கே போனார். 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு குழுவோடு போனார், இருபது வருடத்துக்கும் மேலாக.

அவர்கள் செய்த வேலையை வங்கிக்காரியாக நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். அது லெட்ஜர் எழுதுவது. யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று வீடு வீடாகப் போய் எழுதினார்கள். கடைசியில் 18,000 பேருக்கு மேல் கொண்ட ஒரே வம்சாவளிப் படம். 4,000 பேருக்கு மேல் ரத்த மாதிரி.

ரத்தமும் தோல் துணுக்கும் கொடுக்க அந்த மக்கள் தயங்கினார்கள். இந்த நோய் தங்கள் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். பணக்கார நாட்டுக்காரிக்கு இதில் என்ன அக்கறை என்று சந்தேகம். அப்போது நான்சி தன் கையைக் காட்டினார். சோதனைக்காக அவரும் தோல் துணுக்குக் கொடுத்திருந்தார். அந்தத் தழும்பு இருந்தது. என் அம்மாவும் இதில்தான் போனாள் என்றார். குழுவில் இருந்த ஃபிடெலா கோமெஸ் என்ற நர்ஸ் அந்தக் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டி ஸ்பானிஷில் உரக்கச் சொன்னார். அதன்பின் அந்த மக்கள் அவரைத் தங்களில் ஒருவராக நினைத்தார்கள்.

அந்த ரத்தத்தை பாஸ்டனில் ஜேம்ஸ் குசெல்லா என்பவர் சோதித்தார். பல வருடம் ஆகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சோதித்துப் பார்த்த முதல் டஜன் அடையாளத் துண்டுகளுக்குள்ளேயே விடை கிடைத்துவிட்டது. நோய்க்குக் காரணமான மரபணு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று 1983இல் அறிவித்தார்கள். தெரு தெரிந்துவிட்டது; கதவு எண்ணைக் கண்டுபிடிக்க மேலும் பத்து வருடம் ஆனது. 1993இல், ஐம்பத்தெட்டு விஞ்ஞானிகள் சேர்ந்த குழு அந்த மரபணுவையே கண்டது. காரணம் என்ன தெரியுமா? சி.ஏ.ஜி. என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருவது. வங்கியில் சி.ஏ.ஜி. என்றால் தணிக்கைத் தலைவர் என்றுதான் நமக்குத் தெரியும்! இங்கே அது ஒரே பதிவை லெட்ஜரில் மறுபடி மறுபடி எழுதிய மாதிரி. எல்லோருக்கும் அது சில தடவை வரும், 26 வரை சாதாரணம். 40க்கு மேல் போனால் நோய் நிச்சயம்.

ஆக, ரத்தத்தைக் கொடுத்தால் பதில் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இங்கேதான் நான்சி எனக்கு முக்கியமாகப் படுகிறார். இந்தப் பரிசோதனை வரவேண்டும் என்று உழைத்தவர் அவர். ஆனால் அதைச் செய்துகொண்டீர்களா என்று யார் கேட்டாலும் பல ஆண்டுகள் பொதுவில் பதில் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள எவ்வளவு உரிமை உண்டோ, தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவ்வளவு உரிமை உண்டு என்றார். மருந்தில்லாத நோய்க்கு முன்கூட்டியே தேதி குறிப்பதில் யாருக்கு லாபம்? வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் இன்றும் அந்தப் பரிசோதனைக்குப் போவதில்லை.

மனித மரபணுத் திட்டம் தொடங்கியபோது, அதன் சட்ட, சமூக, நெறிமுறைக் கேள்விகளைப் பார்க்கும் குழுவுக்கு நான்சிதான் தலைவர். மொத்தச் செலவில் 3 முதல் 5 சதவீதம் இதற்கென்றே ஒதுக்கினார்கள். யாருடைய மரபணுத் தகவல் யார் கையில் இருக்கலாம்? இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கலாமா? முதலாளி கேட்கலாமா? 2008இல் அமெரிக்காவில் வந்த சட்டம், மரபணுத் தகவலை வைத்து வேலையிலும் ஹெல்த் இன்ஷூரன்ஸிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்றது.

2020இல், 74 வயதில், தனக்கும் அந்த நோய் வந்திருப்பதை நான்சி பத்திரிகை மூலம் வெளியே சொன்னார். சுற்றியிருந்தவர்கள் ஏற்கெனவே கவனித்திருந்தார்கள். எப்போது, யாரிடம் சொல்வது என்பதை அவரே தீர்மானித்தார்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன்.

போன காலாண்டில் நம் சங்கம் ஒவ்வொரு பிளாட்டுக்கும் "உறுப்பினர் உடல்நல விவரப் படிவம்" கொடுத்தது. பி பிளாக்கில் ஒரு பெரியவர் லிஃப்டில் மயங்கி விழுந்தபோது, அவருக்குச் சர்க்கரை உண்டு என்பதே யாருக்கும் தெரியவில்லை. அதனால் வந்த படிவம். நல்ல எண்ணம், நானும் கை தட்டினேன். ரத்த வகை, ஒவ்வாமை, தினம் சாப்பிடும் மாத்திரை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று முதல் ஆறு கட்டம். எல்லாம் தேவை. ஏழாவது கட்டம்: "குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா? விவரம் தருக." இதையெல்லாம் கூகுள் ஷீட்டில் ஏற்றி, பிளாக் பிரதிநிதிகளுக்கும் செக்யூரிட்டி அறைக்கும் கொடுப்பதாக ஏற்பாடு.

லிஃப்டில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவருடைய தாத்தாவுக்கு என்ன நோய் என்பது ஆம்புலன்ஸ்காரருக்கு எதற்கு? ஆனால் அந்த ஒரு வரி, பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டுக்கு என்ன செய்யும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பிளாட்டை வாடகைக்குக் கேட்டு வருகிறவரின் விவரம் நம் வாட்ஸ்அப் குழுவில் எவ்வளவு சீக்கிரம் சுற்றுகிறது என்பதும் தெரியும்.

வங்கியில் சேர்ந்த அன்றே எங்களிடம் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொன்னதில்லை. பணத்துக்கே அந்தக் காவல் என்றால், ரத்தத்தில் எழுதியிருப்பதற்கு வேண்டாமா?

நான் பேசி முடித்ததும் ஏ பிளாக் சார் ஒருவர் எழுந்து, "அப்படியானால் கல்யாணத்தில் மறைப்பது சரியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் இது. லெனோர் வீட்டில் பேசாமலே இருந்ததால் பெண்கள் இருவரும் ஒன்றும் தெரியாமல் வளர்ந்தார்கள். வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவரிடம், பெற்ற பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். தைரியமாக, நல்ல டாக்டரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். அந்தச் சீனியரின் மனைவி பெண் வீட்டுக்குப் போகிற இடத்தில் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் பிளாக் பிரதிநிதியும் செக்யூரிட்டியும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள்.

எனவே மூன்று கோரிக்கைகளைக் கமிட்டி முன் வைத்தேன்.

ஒன்று, ஏழாவது கட்டத்தை எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்தவர்களின் படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

இரண்டு, மற்ற ஆறு விவரமும் ஷீட்டில் வேண்டாம். ஒவ்வொரு வீட்டாரும் ஒட்டிய கவரில் போட்டு, மேலே பிளாட் எண் மட்டும் எழுதி, சங்க அலுவலக பீரோவில் வைக்கலாம். அவசரத்தில் மட்டும் பிரிக்கலாம். பிரித்தால் ரிஜிஸ்டரில் யார், எப்போது என்று கையெழுத்து.

மூன்று, இது படிவத்தில் வராதது. வாசலில் ஒருவர் தள்ளாடினால், கையில் இருப்பதைத் தவறவிட்டால், பேச்சு குழறினால், "போட்டுட்டு வந்திருக்கார்" என்று முடிவு கட்டும் முன், பக்கத்தில் போய் "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேளுங்கள். செக்யூரிட்டி தம்பிகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம். பக்கவாதமாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், இப்படி ஏதாவது ஒரு நோயாகவும் இருக்கலாம். எங்கள் கிளையில் ஆறு பேரில் ஒருவர்கூட அவரிடம் போய் அதைக் கேட்கவில்லை.

முதல் இரண்டு கோரிக்கைகளையும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாக செக்ரட்டரி சார் சொல்லியிருக்கிறார். அதுவரை படிவம் கொடுக்காதவர்கள் ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டே கொடுங்கள். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

 டீ, சுண்டல் பின்னால் மேஜையில் இருக்கிறது.